மறுப்புச் சொன்னது யார்

எனக்கு உட்கார வராது. காரைக்காலில் கலெக்டர் ஆபீஸ் போகிற வழியில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். நகல் எடுப்பது, மனு அடித்துக் கொடுப்பது, நோட்டீஸ் போடுவது எல்லாம் நான்தான். கடையில் ஒரே ஒரு நாற்காலி. அதில் மனு அடிக்க வந்தவர்கள் உட்காருவார்கள். நான் நின்றுகொண்டே வேலை பார்ப்பேன், நின்றுகொண்டே சாப்பிடுவேன், சண்டையும் நின்றுகொண்டேதான். இந்தச் சித்திரையிலிருந்து அது இன்னும் மோசமாகிவிட்டது. ராத்திரி படுத்தாலும் கால் நடந்துகொண்டே இருக்கிற மாதிரி இருக்கிறது. காரணத்தைச் சொல்கிறேன்.

நான் வாழ்க்கைப்பட்டது இந்தக் கடற்கரையில் ஒரு மீன்பிடிக் கிராமத்தில். பேர் சொல்லமாட்டேன். சொன்னால் நாளைக்குக் காலையில் கடை வாசலில் நாலு பேர் வந்து நிற்பார்கள், எனக்கும் வாய் சும்மா இருக்காது.

மாதா கோயில் பக்கம் குடியிருக்கிற ஒரு டீச்சர், வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், ஒரு நாள் கடைக்கு வந்தார். அவருடைய அப்பா பிரெஞ்சுக்காரன் காலத்தில் மேரியில் எழுத்தராக இருந்தவர். மேரி என்றால் வேறொன்றுமில்லை, முனிசிபல் ஆபீஸ். பழைய ஆட்கள் இன்னும் அப்படித்தான் சொல்வார்கள். அந்த அப்பா வீட்டில் அடிக்கடி சொன்ன ஒரு விஷயத்தை டீச்சர் என்னிடம் சொன்னார். பிரான்ஸ் தேசத்தில் பெண்களுக்கும் ஓட்டு கொடுத்துவிட்டார்கள் என்று கப்பலில் வந்த யாரோ சொல்ல, அது சந்தைவரைக்கும் வந்து சேர்ந்திருக்கிறது. மீன் விற்கிற மூன்று பெண்கள், விற்று முடித்த கையோடு, காலிக் கூடையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு மேரிக்குப் போய், அங்கே உள்ள பொம்பளைக்கு உண்டு என்றால் எங்களுக்கு எப்போது என்று கேட்டார்களாம். உள்ளே இருந்தவர்கள் சிரித்தார்களாம். மறுநாளும் போனார்களாம். அதற்கு அடுத்த நாளும். நாற்றம் தாங்கவில்லை என்று ஜன்னலைச் சாத்தினார்களாம்; இவர்கள் ஜன்னலுக்கு வெளியே நின்று கேட்டார்களாம். கடைசியில் ஓட்டு வந்தபோது வரிசையில் முன்னால் நின்றதும் அவர்கள்தானாம்.

அந்த மூன்று பேரும் எங்கள் ஊர்ப் பெண்கள்.

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் ஒரு ஆள் இதைச் சொல்லவில்லையே என்று அங்கேயே டீச்சர் மேல் கோபப்பட்டேன், பாவம், அவர் என்ன செய்வார். நகரத்தில் நாலு பேர் சேர்ந்து அந்தப் பெண்களுக்கு ஒரு நினைவுக்கல் வைக்கலாம் என்று இருக்கிறோம், அவர்கள் ஊரிலேயே வைத்தால் நன்றாயிருக்கும், நீங்கள் ஊரில் பேசிப்பாருங்கள் என்றார் டீச்சர். பேசாமல் இருப்பேனா? அன்றைக்குக் கடையைச் சீக்கிரமே அடைத்துவிட்டு ஊருக்கு ஓடினேன்.

ஊர்ப் பஞ்சாயத்தார் கேட்டதும் தலையை ஆட்டினார்கள். எனக்கே ஆச்சரியம். அமைச்சர் வருவாரா, டிவிக்காரர்கள் வருவார்களா என்று கேட்டார்கள். வருவார்கள் என்றேன். யார் வருவார்கள் என்று எனக்கு என்ன தெரியும்? ஆனால் அப்போது நான் இருந்த சந்தோஷத்தில் ஜனாதிபதி வருவாரா என்று கேட்டிருந்தாலும் வருவார் என்றுதான் சொல்லியிருப்பேன்.

இங்கே ஊர்க் கூட்டம் எப்படி நடக்கும் என்று சொல்லிவிட வேண்டும். சட்டசபைக்கு நாங்கள் ஓட்டுப் போடுகிறோம், டில்லிக்கும் போடுகிறோம். பள்ளிக்கூடத்தில் வரிசையில் நின்று விரலில் மை வைத்துக்கொண்டு வருகிறோம். கொம்யூன் பஞ்சாயத்து என்கிற சர்க்கார் பஞ்சாயத்துக்குத் தேர்தல் நடந்துதான் யுகமாயிற்று, அது கிடக்கட்டும். ஆனால் யார் படகு எங்கே நிற்பது, ஏலம் எங்கே போடுவது, எந்த மணலில் யார் என்ன செய்வது என்பதையெல்லாம் தீர்மானிப்பது ஊர்க் கூட்டம். அதில் தலைக்கட்டுகள்தான் உட்காரலாம். கல்யாணமான ஆம்பளை ஒருவன் ஒரு தலைக்கட்டு. அவன் ஊருக்கு வரி கட்டுவான், கூட்டத்தில் பேசுவான். புருஷன் செத்துப்போன வீட்டுக்கு வரி கிடையாது. பாவம், விதவை, அவளிடம் போய் வரி வாங்குவதா என்று ஊர் பெருந்தன்மையாக விட்டுவிடும். வரி இல்லை என்றால் தலைக்கட்டு இல்லை, பேச்சும் இல்லை. அந்தப் பெருந்தன்மையை நானும் ரொம்ப நாள் நல்ல விஷயம் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

கூட்டத்தில் ஓட்டெடுப்பு என்று எதுவும் நடக்காது. தலைவர் விஷயத்தைச் சொல்லி, சம்மதமா என்று மூன்று தடவை கேட்பார். மூன்று தடவையும் யாரும் வாய் திறக்கவில்லை என்றால் முடிந்தது. ஒரு தலைக்கட்டு 'மறுப்பு' என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும், விஷயம் அப்படியே நிற்கும், அடுத்த கூட்டத்தில்தான் திரும்ப எடுக்க முடியும்.

கல் வைக்கிற இடத்தைப் பஞ்சாயத்தார் தங்களுக்குள் பேசிக் குறித்துவிட்டார்கள். கூட்டத்தில் கேட்க வேண்டியதுதான் பாக்கி. என் வீட்டுக்காரர்தான் சாப்பிடும்போது சொன்னார். கல் மட்டும் இல்லை. ஊர்ப் பணத்தில் மண்டபம், படிக்கட்டு, டைல்ஸ், சுற்றி இரும்பு வேலி, பூச்செடி. எங்கே? கருவாட்டுக் களத்தில்.

நான் தட்டைக் கீழே வைத்தேன்.

கருவாட்டுக் களம் என்பது சாலைக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கிற மணல் திட்டு. மரம் இல்லை, மறைப்பு இல்லை, நாள் முழுக்க வெயிலும் காற்றும் இருக்கும். கருவாடு போடுகிற பெண்கள் அங்கேதான் பழைய வலையை விரித்து நெத்திலி மீனும் காரை மீனும் காயப்போடுவார்கள். அதில் பெரும்பாலும் விதவைகள். அதில் ஒருவர் என் நாத்தனார், என் வீட்டுக்காரரின் அக்கா. நான் அண்ணி என்று கூப்பிடுவேன். சுனாமியில் புருஷன் போனார். ஒரே பெண், அவளைக் கருக்களாச்சேரியில் கொடுத்திருக்கிறது. ஆண்பிள்ளை இல்லை. ஆகவே அண்ணியின் வீடு தலைக்கட்டு இல்லை. சுனாமிக் குடியிருப்பில் சர்க்கார் கொடுத்த வீட்டின் பட்டா அவர் பேரில்தான் இருக்கிறது. சர்க்காருக்கு அவர் ஒரு ஆள், ஊருக்கு இல்லை.

காயப்போட வேறு இடம் இல்லையா என்று கேட்கலாம். பின்பக்கம் கருவேலங்காட்டை ஒட்டிக் கொஞ்சம் இடம் இருக்கிறது, அங்கே போகட்டும் என்றுதான் பஞ்சாயத்தாரும் சொன்னார்களாம். அந்த இடத்தில் பாதி நாள் நிழல், மீதி நாள் ஈரம். நாய்த் தொல்லை வேறு. கருவாடு காயாது, புழு வைக்கும். அதுவும் மீன்பிடித் தடைக்காலத்தில், விசைப்படகு எல்லாம் கட்டிக் கிடக்கிற நேரத்தில், வீட்டுக்கு வருகிற காசே கருவாட்டுக் காசுதான். களம் போனால் அண்ணி மகள் வீட்டில் போய்ச் சோற்றுக்கு உட்கார வேண்டும். அண்ணி அப்படி உட்காருகிற ஆள் இல்லை.

டீச்சரிடம் ஓடினேன். ஓட்டுக் கேட்ட பெண்களுக்குக் கல் வைக்க, ஓட்டில்லாத பெண்களின் இடத்தைப் பிடுங்குவதா, எங்களுக்கு இந்தக் கல்லே வேண்டாம் என்றார். ஆனால் வேண்டாம் என்று சொல்ல அவர் யார்? ஊர் அதைத் தன் கௌரவமாக எடுத்துக்கொண்டுவிட்டது. கல்லுக்கும் சொல்லிவிட்டார்கள். செதுக்கி, சாக்கில் சுற்றி, ஐஸ் கம்பெனி வராந்தாவில் கொண்டுவந்து போட்டும் விட்டார்கள்.

கலெக்டருக்கு மனு எழுதுகிறேன் என்று அண்ணியிடம் சொன்னேன். ஊருக்கெல்லாம் மனு எழுதுகிறவள் சொந்த வீட்டுக்கு எழுதமாட்டேனா? அண்ணி கூடாது என்றார். ஊர் விஷயத்தை வெளியே கொண்டுபோனால் ஊர் என்ன செய்யும் என்று அவருக்குத் தெரியும், எனக்கும் தெரியும். நல்லது கெட்டதுக்கு யாரும் வாசல் மிதிக்கமாட்டார்கள். என் வீட்டுக்காரரின் ஃபைபர் படகைத் தள்ள ஒரு கை வராது.

மிச்சம் ஒரே வழி. ஒரு தலைக்கட்டு எழுந்து மறுப்பு என்று சொல்ல வேண்டும். அந்த ஒருவர் என் வீட்டுக்காரராக இருக்க வேண்டும். அவரிடம் சொன்னேன், பார்ப்போம் என்றார். அவர் பார்ப்போம் என்றால் மாட்டேன் என்று அர்த்தம். குடும்பம் நடத்தியதில் நான் கற்றுக்கொண்டது அது. கெஞ்சினேன், திட்டினேன், ரெண்டு நாள் பேசாமல் இருந்தேன். பேசாமல் இருப்பது எனக்குத்தான் தண்டனை, அவர் நிம்மதியாகத் தூங்கினார். அவர் கெட்ட மனுஷன் இல்லை. அக்கா மேல் உயிர். ஆனால் ஊருக்கு முன்னால் எழுந்து நிற்கச் சொன்னால் முழங்கால் வராது.

கூட்டம் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், சமுதாயக் கூடத்தில். கூட்டம் நடக்கும்போது பெண்கள் உள்ளே போகக்கூடாது. வெளியே தண்ணீர்த் தொட்டி பக்கம் நிற்கலாம், ஜன்னல் கம்பி வழியாகக் கேட்கலாம். நாங்கள் பத்துப் பதினைந்து பேர் குடத்தை வைத்துக்கொண்டு நின்றோம். தண்ணீர் பிடிக்க வந்த மாதிரி ஒரு பாவனை. குழாயில் தண்ணீரே வரவில்லை. நான் தொட்டிக்கும் ஜன்னலுக்கும் நடந்துகொண்டே இருந்தேன். ஒரு இடத்துல நில்லேன் புள்ள, தலை சுத்துது என்று அண்ணி கடிந்துகொண்டார். அவர் மட்டும் அசையாமல் சுவரை ஒட்டி நின்றார்.

உள்ளே தலைவர் அந்த மூன்று பெண்களைப் பற்றிப் பேசினார். நான் டீச்சருக்காக அடித்துக் கொடுத்த நோட்டீஸில் இருந்ததை அப்படியே பேசினார். நம் ஊர்ப் பெண்கள் வெள்ளைக்காரனையே கேள்வி கேட்டவர்கள் என்றார். கை தட்டினார்கள். நான் ஜன்னல் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டேன். கோபத்திலா அழுகையிலா என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.

பிறகு மண்டபத்தைப் பற்றிச் சொல்லி, இடத்தைச் சொல்லி, சம்மதமா என்று கேட்டார். ஒரு சத்தம் இல்லை. ரெண்டாம் தடவை கேட்டார். ஜன்னல் வழியாக என் வீட்டுக்காரரின் முதுகு தெரிந்தது. குனிந்து கால் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்திருங்க, எழுந்திருங்க என்று நான் மனசுக்குள் கத்திக்கொண்டிருந்தேன். மூன்றாம் தடவை கேட்டார்.

"மறுப்பு."

குரல் உள்ளேயிருந்து வரவில்லை. என் பக்கத்திலிருந்து வந்தது. அண்ணி கத்தவில்லை, மீன் விலை சொல்கிற குரலில் சொன்னார். அந்தக் குரல் ஏலத்தில் கடற்கரை முழுக்கக் கேட்கும். ஊரில் அதைத் தெரியாத ஆள் கிடையாது.

தலைவர் ஜன்னல் பக்கம் திரும்பவே இல்லை. தெரியாத மாதிரிக் கேட்டார்.

"எந்தத் தலைக்கட்டுச் சத்தம் அது?"

அதுதான் முறை. யார் குரலாக இருந்தாலும் ஒரு தலைக்கட்டு அதை ஏற்றுக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் அது காக்கா கத்தியதற்குச் சமம். அப்போது என் வீட்டுக்காரர் எழுந்தார். சுவரைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்தார்.

"எங்க வீட்டுச் சத்தந்தாங்க. என் கணக்குல எழுதிக்குங்க."

எழுதிக்கொண்டார்கள். விஷயம் நின்றது. மண்டபம் அடுத்த கூட்டத்துக்குப் போயிற்று. கூட்டம் கலைந்ததும் ரெண்டு பஞ்சாயத்தார் எங்கள் பக்கம் வந்து, சொல்லியிருந்தா முன்னாடியே வேற இடம் பார்த்திருப்போமே, பள்ளிக்கூடத்து முன்னாடி காலியாத்தானே கிடக்கு என்று முணுமுணுத்துவிட்டுப் போனார்கள். அப்படியென்றால் களம் தப்பிவிட்டது என்றுதான் அர்த்தம். நான் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் நின்று அழுதேன். எனக்கு வாய்த்த மனுஷனைப் பற்றி அன்றைக்கு நினைத்ததையெல்லாம் இங்கே எழுதினால் அவர் படித்துவிட்டுத் தலைகால் தெரியாமல் ஆடுவார். வேண்டாம். அன்றைக்கு வஞ்சிரம் வாங்கிக் குழம்பு வைத்தேன், அது போதும்.

அண்ணியையும் சாப்பிடக் கூப்பிட்டேன். வரவில்லை. தலைவலி என்றார். சாப்பாட்டை எடுத்துக்கொண்டு போனேன், தொடவில்லை.

மறுநாள் காலையில் நான் கடைக்குக் கிளம்புகிற நேரத்தில் அண்ணி நல்ல சேலை கட்டிக்கொண்டு வாசலில் வந்து நின்றார். கூடத்துக்குப் போகிறேன், நீயும் வா என்றார். எதற்கு என்றேன். நேற்று எழுதினதை மாற்றி எழுதச் சொல்லப் போகிறேன் என்றார். மறுப்புச் சொன்னது தம்பி இல்லை, நான். என் பேரில் எழுத வேண்டும்.

அண்ணி பேரில் மறுப்பு செல்லாது. செல்லாது என்றால் மறுப்பே இல்லை. மறுப்பே இல்லை என்றால் மூன்று தடவை கேட்டு மூன்று தடவையும் சம்மதம் என்று ஆகிவிடும். களம் போய்விடும். நேற்று என் வீட்டுக்காரர் எழுந்து நின்று வாங்கிக் கொடுத்ததை இவர் தன் கையால் திருப்பிக் கொடுக்கப் போகிறார்.

நான் என்னென்னவோ பேசினேன். களந்தானே வேணும், களம் கெடைச்சிருச்சு, யார் பேர்ல இருந்தா என்ன அண்ணி, தம்பி என்ன வேத்தாளா என்றேன். கொஞ்ச நாள் போகட்டும் என்றேன். ஊரைப் பகைச்சுக்காதீங்க என்றேன். கையைப் பிடித்துக்கொண்டேன். ஜன்னலுக்கு வெளியே நின்று கேட்ட பெண்களைப் பற்றி நோட்டீஸ் அடித்த கை அது. பேசிக்கொண்டிருக்கும்போதே என் வார்த்தை என் காதிலேயே விழுந்தது, சீ என்று இருந்தது, ஆனாலும் நிறுத்தவில்லை. பயம். அண்ணி மகள் வீட்டில் சோற்றுக்கு உட்காருவதைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை.

அண்ணி கையை விடுவித்துக்கொண்டு சொன்னார்.

"ராத்திரி பூரா யோசிச்சேன். அவர் போனப்ப நான் வாயே தொறக்கல. வீடு ஒதுக்குனப்ப தொறக்கல. நேத்துத்தான் மொத மொதல்ல ஊருக்கு முன்னாடி ஒரு வார்த்தை சொன்னேன். அதையும் என் தம்பி பேர்ல எழுதிட்டாங்க."

செருப்பைப் போட்டுக்கொண்டு பின்னால் போனேன்.

கூடத்தில் தலைவரும் பொருளாளரும் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். கூட்டம் இல்லாத நேரம், பெண்கள் உள்ளே போகலாம். தலைவர் பொறுமையாகத்தான் கேட்டார். அவரும் சின்ன வயசிலிருந்து அண்ணிக்குத் தெரிந்தவர்தான். சுனாமி அன்றைக்கு அண்ணியின் புருஷனைத் தேடிக் கரை முழுக்க அலைந்ததில் அவரும் ஒருவர். டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, சங்கடத்தோடு சொன்னார்.

"தங்கச்சி, உனக்கு நல்லதுக்குச் சொல்லுறேன். உன் பேர்ல எழுதுனா அது செல்லாது. தம்பி பேர்ல இருக்கட்டும். களம் உனக்குத்தான்."

"செல்லாதுன்னா செல்லாதுன்னு கூட்டத்துல சொல்லுங்கண்ணே. நான் உள்ள வந்து உக்காந்துருக்கேன். என் மொகத்தைப் பாத்துச் சொல்லுங்க."

பொருளாளர் பேனாவை மூடுவதும் திறப்பதுமாக இருந்தார். வெளியே யாரோ படகு எஞ்சினை ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அண்ணி தரையில் உட்கார்ந்தார். தலைக்கட்டுகள் உட்காருகிற இடத்தில், சம்மணம் போட்டு. கூட்டம் இல்லாத நேரம்தான், யாரும் எழுந்திருக்கச் சொல்லவில்லை. நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

கொஞ்ச நேரம் கழித்துப் பொருளாளர் என் வீட்டுக்காரரின் பேரை அடித்துவிட்டு அண்ணி பேரை எழுதினார். இது செல்லுமா செல்லாதா என்பதைக் கூட்டந்தான் சொல்லணும் என்றார் தலைவர்.

அடுத்த கூட்டம் அமாவாசை அன்றைக்கு. டீச்சர் தினம் கடைக்கு வந்து என்னாயிற்று என்று கேட்கிறார், எனக்கு அவர் மேலும் எரிச்சல் வருகிறது. என் வீட்டுக்காரர் இப்போது வீட்டில் வாயே திறப்பதில்லை. திரும்பவும் எழுந்து நிற்பீங்களா என்று கேட்டேன். பார்ப்போம் என்று சொல்லவில்லை, அதுவே ஆறுதல். மற்றக் கருவாட்டுப் பெண்கள் அண்ணியிடம் வந்து, உன் ரோஷத்துக்கு எங்கள் பிழைப்பும் போகவா என்று சண்டை போட்டார்கள். அவர்களில் ரெண்டு பேர் மட்டும் மறுபடி தனியாக வந்து, கூட்டத்தன்றைக்கு எத்தனை மணிக்குப் போகணும் என்று கேட்டுவிட்டுப் போனார்கள்.

கூட்டத்தன்று அண்ணி உள்ளே போய் உட்காரப் போகிறார். எழுந்திருக்கச் சொல்வார்கள். எழுந்திருக்கமாட்டார். நான் பக்கத்தில் உட்காருவேன், அதில் சந்தேகமில்லை. களம் போனாலும் போகட்டும் என்று அண்ணி சொல்லிவிட்டார். எனக்குத்தான் அதைச் சொல்ல இன்னும் வாய் வரவில்லை.